கூட்டில் விளையும் இதழ்

ஒரு சிவப்புச் சார்ட் தாளை உள்ளங்கை அகலத்துக்கு வட்டமாக வெட்டிக்கொள்ளுங்கள். நத்தை ஓட்டின் கோடு போலச் சுற்றிச் சுற்றி நடுப்புள்ளி வரை கத்தரியுங்கள். வெளிமுனையைப் பிடித்து உள்நோக்கிச் சுருட்டிக்கொண்டே வந்து, அடியில் பசை தடவினால் ரோஜா தயார். ஓவிய வகுப்பில் உட்கார்ந்து வந்த பலருக்கும் இந்தப் பூ தெரியும். ஆசிரியர் தின வாழ்த்து அட்டையில் இருக்கும். ஆண்டு விழா மேடையில் தெர்மாகோல் எழுத்துகளைச் சுற்றி ஒட்டப்பட்டிருக்கும்.

ஓசூர்ப் பக்கத்துப் பிள்ளைகள் மட்டும் இதை எளிதில் ரோஜா என்று ஒப்புக்கொள்வதில்லை. பாகலூர், பேரிகை, தளி என்று எந்தச் சாலையில் போனாலும் பசுமைக்குடில்கள். பிப்ரவரி 14 நெருங்க நெருங்க அவற்றிலிருந்து ‘தாஜ்மஹால்’ என்ற சிவப்பு ரகம் பெட்டி பெட்டியாக வெளிநாடுகளுக்குப் புறப்படும். அசல் பூ கண்ணெதிரே இருக்கிறது. அதன் பக்கத்தில் வைத்ததும் காகித ரோஜாவில் ஏதோ குறைகிறது. நிறம் சரி, அளவு சரி. இதழ்களின் எண்ணிக்கையைக்கூடச் சரிசெய்துவிடலாம். ஆனாலும் சுருட்டிய தாள் சுருட்டிய தாளாகவே தெரிகிறது. கைவேலையில் பழகிய ஆசிரியர் பார்த்ததும் குறையைச் சொல்லிவிடுவார்: இதழில் குழி விழவில்லை.

அந்தக் குழி காகிதத்தில் ஏன் விழுவதில்லை? கேள்வி சிறியது. ஆனால் இதற்கு விடை தேடிப் போனால் 19-ஆம் நூற்றாண்டு ஜெர்மனிக்குப் போய், அங்கிருந்து ஓசூரின் பட்டுப்புழு மனைக்கே திரும்பி வரவேண்டியிருக்கிறது.

ஒரு முட்டையின் மேல் பேனாவால் கூட்டல் குறி போட்டுப் பாருங்கள். குறியின் இரண்டு கோடுகளும் ஒரே பக்கமாக வளைந்து இறங்கும். இதைக் கிண்ண வளைவு என்று வைத்துக்கொள்வோம். குதிரைச் சேணத்தின் நடுவில் அதே குறியைப் போட்டால் ஒரு கோடு மேல்நோக்கி வளையும். இன்னொன்று கீழ்நோக்கி வளையும். இது சேண வளைவு. மூன்றாவதாக, சுண்டல் கட்டித்தரும் காகிதப் பொட்டலம். கூம்பின் வாயைச் சுற்றிப் போகும் கோடு வளைந்திருக்கும். வாயிலிருந்து நுனிக்கு இறங்கும் கோட்டின் மேல் அளவுகோலை வைத்தால், கோடு நேராகப் படிந்துவிடும்.

கார்ல் ஃப்ரீடரிஷ் கௌஸ், ஒரு புள்ளியில் பரப்பு அதிகமாக வளையும் திசையின் வளைவையும் குறைவாக வளையும் திசையின் வளைவையும் பெருக்கச் சொன்னார். முட்டையில் இரண்டும் ஒரே பக்கம் என்பதால் விடை நேர்மம். சேணத்தில் எதிரெதிர் என்பதால் எதிர்மம். பொட்டலத்தில் ஒன்று சுழியம் என்பதால் விடையும் சுழியம். இதுவரை வெறும் கணக்கு. 1827-இல் அவர் நிரூபித்துக் காட்டியதுதான் வியப்பு: ஒரு பரப்பை இழுக்காமலும் கிழிக்காமலும் எப்படி வளைத்தாலும், எந்தப் புள்ளியிலும் இந்தப் பெருக்குத்தொகை மாறவே மாறாது. ஹானோவர் நாட்டை மலையுச்சி மலையுச்சியாக அளந்து வரைபடம் தயாரிக்கும் பணியில் ஆண்டுக்கணக்கில் இருந்தவர் அவர். பூமியின் பரப்பைத் தாளில் சுருக்கமின்றி விரிக்க முடியாது என்பதற்கான காரணமும் இதே தேற்றத்தில் இருக்கிறது. ‘தனிச்சிறப்பான தேற்றம்’ என்ற பொருளில் அவரே அதற்கு லத்தீனில் பெயர் வைத்தார்.

சார்ட் தாள் தட்டையாகப் பிறந்தது. அதன் ஒவ்வொரு புள்ளியிலும் சுழியம் எழுதியிருக்கிறது. குழலாக்கலாம், கூம்பாக்கலாம், சுருட்டலாம், சுழியம் அழியாது. ரோஜா இதழின் அடிப்பகுதியோ கிண்ணம். அங்கே எழுதியிருப்பது வேறு எண். தாளைக் கட்டைவிரலால் அழுத்திக் கிண்ணமாக்க முயன்றால் ஓரம் மடிந்து சுருங்கும், அல்லது கிழியும். செய்பவரின் கைத்திறனில் எந்தக் குறையும் இல்லை.

இந்தத் தடையைக் கைவேலைக்காரர்கள் கௌஸின் பெயர் தெரியாமலேயே தாண்டியிருக்கிறார்கள். தையற்காரர் ரவிக்கைத் துணியில் டார்ட் பிடிக்கிறாரே, அது இதுதான். தட்டைத் துணியில் ஒரு முக்கோணத்தை விழுங்கித் தைத்ததும் டார்ட்டின் நுனியில் வளைவு பிறக்கிறது. காகித இதழின் அடியில் ஒரு கீறல் போட்டு, இரண்டு விளிம்பையும் ஒன்றன்மேல் ஒன்று ஏற்றி ஒட்டும் ஓவிய ஆசிரியரும் அதையே செய்கிறார். இன்னும் நல்ல வழி கிரேப் தாள். அதில் இழுத்துக்கொள்வதற்கென்றே நுண்ணிய சுருக்கங்கள் இருக்கின்றன. இரண்டு கட்டைவிரலையும் நடுவில் வைத்து மெல்லப் பிரித்தால் அந்த இடம் மட்டும் விரிந்து குழியும். ‘இழுக்காமல்’ என்ற கௌஸின் நிபந்தனையை விரல்கள் மீறிவிட்டன, எண் மாறிவிட்டது. கிரேப் ரோஜா சார்ட் ரோஜாவைவிட அழகாக இருப்பதற்கு வேறு காரணம் தேட வேண்டாம்.

காகிதத்தின் எல்லைகளை வகுப்பறையிலேயே சோதித்துப் பார்த்த இரண்டு பேரை இங்கே சொல்லாமல் போக மனம் வரவில்லை. ஒருவர் நம்மவர். சென்னை மாகாண வருவாய்த் துறையில் பணியாற்றிய சுந்தர ராவ், காகித மடிப்பில் வடிவியல் பயிற்சிகள் என்ற பொருளில் பெயரிட்டு ஆங்கிலத்தில் ஒரு புத்தகம் எழுதினார். 1893-இல் சென்னையில் அடிசன் அச்சகத்தில் வெளிவந்தது. காம்பஸ் வேண்டாம், அளவுகோல் வேண்டாம். ஒரு சதுரத் தாளை மடித்து மடித்தே ஐங்கோணமும் அறுகோணமும் எழுப்பிக் காட்டினார். மழலையர் பள்ளிகளில் குழந்தைகளுக்குக் கொடுக்கும் மடிப்புத் தாளிலிருந்து கிடைத்த தூண்டுதல் அது. 1901-இல் சிகாகோவில் மறுபதிப்பாகி உலகம் சுற்றிய அந்தப் புத்தகத்தை அவருடைய சொந்த ஊர்ப் பள்ளிகள் எத்தனை கண்டிருக்கும் என்று நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

மற்றவர் ஜோசஃப் ஆல்பர்ஸ். தொடக்கப் பள்ளி ஆசிரியராக வேலையைத் தொடங்கி, ஓவிய ஆசிரியராகத் தகுதி பெற்று, 1920-களில் ஜெர்மனியின் பௌஹௌஸ் கலைப்பள்ளியில் பாடம் நடத்தியவர். மாணவர்கள் கையில் வெறும் தாளைக் கொடுத்து, எதையும் வீணாக்காமல் அந்தத் தாளால் என்ன முடியும் என்று கண்டுபிடிக்கச் சொல்வது அவர் வழக்கம். அந்த வகுப்பில் பிறந்த ஒரு வடிவம் இன்றும் கைவினைப் புத்தகங்களில் இருக்கிறது. சதுரத் தாளில் ஒன்றுக்குள் ஒன்றாகச் சதுரங்களை வரைந்து, ஒரு கோட்டை மேலாகவும் அடுத்ததைக் கீழாகவும் மடித்துக்கொண்டே போனால், தாள் தானாகவே துள்ளி எழுந்து சேண வடிவம் கொள்ளும். பல தலைமுறை மாணவர்கள் இதை மடித்துவிட்டார்கள். மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த எரிக் டிமெய்னும் அவருடைய தந்தையும் சிற்பக் கலைஞருமான மார்ட்டின் டிமெய்னும் மற்றும் சிலரும் சேர்ந்து 2011-இல் வெளியிட்ட ஆய்வு ஒரு விந்தையைச் சொன்னது: இழுபடாத தாளில், அந்த மடிப்புக் கோடுகள் மட்டும் இருந்தால், அப்படி ஒரு வடிவம் இருக்கவே முடியாது! நம் கையில் இருப்பது பிறகு என்ன? கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்ன மடிப்புகளையும் இழுபாடுகளையும் தாள் தனக்குள் ரகசியமாகச் செய்துகொள்கிறது. ஓர் ஓவிய ஆசிரியரின் வகுப்புப் பயிற்சி கணித உலகத்துக்கு வேலை வைக்க 80 ஆண்டு ஆகியிருக்கிறது.

நம் பள்ளிகளில் ஓவிய வகுப்பு என்றால் என்ன நடக்கிறது என்பது நமக்குத் தெரியும். தேர்வு நெருங்கினால் அந்தப் பீரியடைக் கணக்குக்குக் கொடுத்துவிடுவார்கள். 2012-இல் தமிழக அரசுப் பள்ளிகளுக்கு ஓவியம், உடற்கல்வி, தொழிற்கல்வி ஆகியவற்றுக்காக 16,549 பகுதிநேர ஆசிரியர்களை எடுத்தபோது அவர்களுக்கு ஒதுக்கியது வாரத்துக்கு மூன்று அரை நாள்; சம்பளம் மாதம் 5,000 ரூபாய். கணக்குக்காகப் பறிக்கப்படும் அந்த வகுப்பில்தான் கணக்கின் மிக ஆழமான ஒரு பகுதி கையால் தொட்டுப் பார்க்கக் கிடைக்கிறது என்பது என் உறுதியான எண்ணம்.

சரி, அசல் ரோஜாவுக்கு வருவோம். இதழின் அடியில் கிண்ணம் என்றோம். விளிம்பு அப்படியில்லை. மலர்ந்த பூவில் வெளி இதழ்களின் ஓரம் பின்பக்கம் சுருண்டு, நடுவிலோ இரண்டு மூன்று இடங்களிலோ கூர்மையான முனைகளாக நிற்கும். ரோஜாவை ரோஜாவாகக் காட்டுவது பெரும்பாலும் அந்த முனைகள்தான்.

ஜெருசலேமின் ஹீப்ரு பல்கலைக்கழகத்தில் எரான் ஷாரோன் என்ற இயற்பியலாளர் இப்படிப்பட்ட விளிம்புகளைப் பல ஆண்டுகளாகத் துரத்திக்கொண்டிருக்கிறார். 2002-இல் அவரும் கூட்டாளிகளும் ஒரு பிளாஸ்டிக் தாளைக் கிழித்து, கிழிந்த ஓரத்தை ஆராய்ந்தார்கள். நீங்களும் ஒரு பழைய பாலித்தீன் பையைக் கிழித்துப் பார்க்கலாம். கிழியும்போது ஓரம் மட்டும் இழுபட்டு நீண்டுவிடுகிறது. உள்பகுதி பழைய நீளத்திலேயே இருக்கிறது. மிஞ்சிய நீளத்துக்குப் போக இடமில்லாமல் ஓரம் அலை அலையாகக் கொசுவுகிறது. ஓசூர்ப் பக்கத்து வயல்களில் செண்டுமல்லிக்கு அருகில் நிற்கும் கோழிக்கொண்டைப் பூவின் ஓரம் அப்படியே. ஓரம் அதிகம் வளர்ந்தால் சேண வளைவு. அலை வந்தே தீரும்.

ரோஜா இதழும் அப்படித்தான் இருக்கும் என்று எதிர்பார்ப்பது இயல்பு. ஆனால் ஷாரோன், மைக்கேல் மோஷே, யாஃபெய் ஜாங், ஓம்ரி கோஹன் ஆகியோர் 2025 மே மாதம் ‘சயின்ஸ்’ இதழில் வெளியிட்ட ஆய்வில் ரோஜா வேறு வழியில் போவதைக் காட்டினார்கள். இதழின் வளர்ச்சியில் கௌஸின் கணக்கோடு முரண் இல்லை. ஆகவே அலையும் இல்லை. முரண் இருப்பது இன்னொரு நிபந்தனையோடு. ஒரு புள்ளியின் வளைவும் அதையடுத்த புள்ளியின் வளைவும் ஒன்றோடொன்று பொருந்திப் போனால்தான் ஒரு பரப்பு முழுமையாகும். 19-ஆம் நூற்றாண்டில் மைனார்டி, கோடாசி, பீட்டர்சன் என்ற மூவரின் பெயரால் அறியப்பட்ட சமன்பாடுகள் இதைச் சொல்கின்றன. இதழ் சிறியதாக இருக்கும்வரை பிரச்சினை இல்லை. வளர வளர, பின்னோக்கி மடங்க வேண்டும் என்ற உந்துதலும் இதழின் வடிவமும் ஒத்துப்போகாமல், இறுக்கம் விளிம்பில் சேர்கிறது. தாங்க முடியாத இடத்தில் இதழ் அதைக் கூர்முனையாக வெளிவிடுகிறது. பிளாஸ்டிக்கில் செய்த செயற்கை இதழ்களிலும் கணினி மாதிரியிலும் அதே முனைகள் தோன்றின. பெட்டிக்குள் அடுக்கும் தாஜ்மஹால் ரோஜா ஒவ்வொன்றின் ஓரத்திலும் இந்த இழுபறியின் தடம் இருக்கிறது.

அப்படியானால் கைவேலையில் ரோஜாவுக்கு நெருங்கிப் போக என்ன வழி? வளைவோடு பிறந்த பொருளொன்று வேண்டும். அப்படி ஒரு பொருள் ஓசூரில் பசுமைக்குடிலுக்குப் பக்கத்து நிலத்திலேயே விளைகிறது. பட்டுக்கூடு.

இது திப்பு சுல்தான் காலத்தில் மைசூர் நாட்டில் வேரூன்றிய தொழில். எல்லை மாறி ஓசூர் தமிழ்ப் பக்கம் வந்தாலும், மல்பெரித் தோட்டங்களுக்கு எல்லை தெரியவில்லை. மத்தியப் பட்டு வாரியத்தின் மரபுவள மையம் ஓசூரில்தான் இருக்கிறது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட மல்பெரி வகைகளும் நானூறுக்கும் மேற்பட்ட பட்டுப்புழு இனங்களும் அங்கே காக்கப்படுகின்றன. இனத்துக்கு இனம் கூட்டின் வடிவம் மாறும். மைசூர் நாட்டு இனத்தின் கூடு பசுமஞ்சள் நிறத்தில் இரு முனையும் கூர்ந்திருக்கும். வெண்பட்டு இனங்களில் சில முட்டை வடிவம். சில நிலக்கடலை போல நடுவில் இடுப்பு சிறுத்தவை.

நாலு தோலுரித்து முதிர்ந்த புழுவைச் சந்திரிகை என்ற கூடு கட்டும் தட்டில் விட்டதும், அது முதலில் நாலு பக்கமும் தாறுமாறாக நூல் கட்டித் தனக்கொரு சாரம் போட்டுக்கொள்ளும். பிறகு தலையை எட்டு வடிவில் ஆட்டத் தொடங்கும். ஓர் இடத்தில் சில எட்டுகள், பிறகு சற்று நகர்ந்து சில எட்டுகள் என்று, வெளியிலிருந்து உள்ளாக, அடுக்கடுக்காகச் சுவரெழுப்பும். இரண்டு மூன்று நாளில், அறுபடாத ஒரே இழை சுமார் ஒரு கிலோமீட்டர். நல்ல இனத்தில் அதற்கும் மேல். இழைக்குள் இரட்டை நரம்பாக ஓடுவது ஃபைப்ரோயின் என்ற புரதம். மேலே பூசியிருக்கும் பசை செரிசின். புழுவின் சுரப்பியில் திரவமாக இருக்கும் ஃபைப்ரோயின், தலையின் இழுப்பில்தான் திட இழையாகிறது. புழு நூலைப் பிதுக்கித் தள்ளுவதில்லை. ஒட்டவைத்துவிட்டுத் தலையைப் பின்னுக்கு இழுக்கிறது. டிவிஎஸ்ஸும் டைட்டனும் அசோக் லேலண்டும் உலையும் அழுத்தமும் கொண்டு பொருள் வார்க்கும் இதே ஊரில், அறை வெப்பத்தில், தண்ணீரில் கரைந்த புரதத்திலிருந்து எஃகோடு ஒப்பிடத்தக்க இழையை இந்தப் புழு நூற்றுவிடுகிறது.

நம் கதைக்கு முக்கியமானது வேறொன்று. கூட்டின் வளைவு எங்கிருந்து வருகிறது? 2013-இல் அமெரிக்காவில் நெரி ஆக்ஸ்மன் குழுவினர் 6,500 பட்டுப்புழுக்களைக் கொண்டு ஒரு பட்டு மண்டபமே எழுப்பினார்கள். அதற்காகச் செய்த சோதனைகளில் ஒன்று இதைக் காட்டியது: சுற்றிலும் பிடிமானம் இல்லாத தட்டைப் பலகையில் விட்டால் புழு கூடு கட்டுவதில்லை, தட்டையாகப் பட்டுத் தாளைத்தான் விரிக்கிறது. நூல் ஒன்றே, எட்டும் ஒன்றே. மூலை கிடைத்து, தன் உடலையே அச்சாக வளைத்துக்கொண்டு நூற்கும்போதுதான் கிண்ணம் பிறக்கிறது.

இப்போது இடுப்பு சிறுத்த ஒரு கூட்டைக் கையில் எடுத்துக் கூட்டல் குறியைப் போடுங்கள். முனையில் இரண்டு கோடும் ஒரே பக்கம் வளையும், கிண்ணம். இடுப்பில் சுற்றுக்கோடு உள்ளாகவும் நீளக்கோடு வெளியாகவும் வளையும்; சேணம். ஒன்றிலிருந்து மற்றதற்குப் போகும் வழியில், காகிதத்தைப் போலச் சுழியமாக ஒரு வளையம் இருந்தே ஆகவேண்டும். மூன்று வளைவும் நிலக்கடலை அளவில், ஒரு புழுவின் தலையசைவில். முதன்முதலாக இதைக் கவனித்த நாளில் அந்தக் கூட்டைக் கீழே வைக்க எனக்கு நெடுநேரம் மனம் வரவில்லை.

கைவினைக்காரர் சிறு கத்தரியால் முனையிலிருந்து இடுப்பு தாண்டும் வரை நீளவாக்கில் ஓர் இதழை வெட்டுகிறார். அடியில் குழி இருக்கிறது. உதடு தானாகவே வெளிப்பக்கம் மடங்குகிறது. சார்ட் தாள் தர மறுத்த இரண்டும் வெட்டிய கணத்தில் வந்துவிட்டன. ஓர் இதழை நகத்தால் பிரித்தால் அடுக்கு அடுக்காக உரியும். வெளி அடுக்கு சொரசொரப்பு, உள் அடுக்கு வழவழப்பு. அதனால் தடித்த வெளி இதழ்களும் மெல்லிய உள் இதழ்களும் ஒரே வகைக் கூட்டில் கிடைக்கும். வளைவு போதவில்லையென்றால் கொதிக்கும் பாத்திரத்தின் ஆவியில் ஒரு நொடி காட்டி விரலால் திருத்தலாம். செரிசின் சூட்டு ஈரத்தில் இளகி இழைகளை நகரவிடும். ஆறியதும் புதிய இடத்தில் பிடித்துக்கொள்ளும். வண்ணம் ஏற்றுவதும் சிரமமில்லை. பட்டு புரதமாகையால் மஞ்சள் கரைத்த நீரிலேயே நிறம் பிடிக்கும். கொதிக்க மட்டும் விடக்கூடாது. செரிசின் கரைந்து கூடு துவண்டுவிடும். நூற்பாலையில் நூல் பிரிப்பதற்காகச் செய்வது அதைத்தான்.

நூல் எடுக்கும் நல்ல கூட்டையா இப்படி வெட்டுவது என்று கேட்கத் தோன்றும். இல்லை. பட்டுப்புழு முட்டை உற்பத்தி நிலையங்களில் கூடுகளைக் கொதிக்க வைப்பதில்லை. உள்ளேயிருக்கும் அந்துப்பூச்சி உயிரோடு வெளியே வரவேண்டும். அது வாயிலிருந்து ஒரு திரவத்தைச் சுரந்து கூட்டின் முனையை நனைக்கும். அதிலுள்ள நொதி செரிசினை மட்டும் கரைக்கும், ஃபைப்ரோயினைத் தொடாது. பசை இளகிய இழைகளை விலக்கியும் அறுத்தும் பூச்சி தலையை நீட்டும். வெளியே வந்த பூச்சி எதையும் தின்னாது, பறக்காது. இணை சேர்ந்து, நானூறு ஐந்நூறு முட்டை இட்டதும் தாய்ப்பூச்சியை எடுத்து அரைத்து நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். 1865-இல் பிரான்சின் அலெஸ் பகுதியில் பட்டுத் தொழிலை அழித்துக்கொண்டிருந்த பெப்ரின் நோயை ஆராயப் போன லூயி பாஸ்டர் வகுத்த முறை அது. தாயிடம் நோய்க்கிருமி இல்லையென்றால்தான் முட்டை விவசாயிக்குப் போகும்.

பூச்சி துளைத்து வெளிவந்த கூட்டில் இழை அறுந்துவிட்டதால் அதை ஒரே இழையாகப் பிரித்தெடுக்க முடியாது. கழிவுப் பட்டு என்று எடை போட்டுத் தள்ளப்படும் அந்தக் குவியலிலிருந்து ஒரு பிடிதான் கைவினை மேசைக்கு வருகிறது. மேசையில் ஒவ்வொரு கூட்டையும் திருப்பித் திருப்பிப் பார்த்து, துளை எந்த முனையில் இருக்கிறது என்று தேடுவார்கள். இதழ்களை நீளவாக்கில் வெட்டி விரித்தபின் அந்த முனை பூவின் அடிப்பகுதியாக நிற்கும். தனியாக ஊசியால் குத்த வேண்டியதில்லை. பூச்சி வெளியேறிய அந்தத் துளை வழியாகத்தான் பச்சைத் தாள் சுற்றிய கம்பியைக் காம்பாகச் செருகுகிறார்கள்.